அண்ணை கட்டுவித்த இடிபாடு

எங்கள் வளவின் கோடியில், மாடு மேய்கிற தரவை வெளியைப் பார்த்தபடி, ஆறு தூண் வைத்து ஒரு வட்ட மண்டபம் நிற்கிறது. தூண்களுக்கு வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ற். மேலே பனையோலைக் கூரை. நாரந்தனைக்குப் புதிதாய் வருகிற ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது கோயிலோ, மடமோ, கள்ளுக்கொட்டிலோ என்று என்னைக் கேட்கிறார்கள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருத்தி, முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்புவேன். எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது. காலமை தொடக்கம் பின்னேரம் வரை கூட்டுறவுச் சங்கக்கடையில் சனத்தோடு கதைத்துக்கொண்டிருக்கிற மனேச்சருக்கு அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வரும்?

கதை என்ர அண்ணையில் தொடங்குகிறது. எனக்கு ஒரேயொரு அண்ணை. இளந்தாரியாய் பிரான்சுக்குப் போனவர், தலை நரைத்துப் பென்சன் எடுத்த பிறகு, போன ஆனி மாதம் வந்து இறங்கினார். அண்ணி காலமாகிச் சில வருசம். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே கலியாணம் கட்டித் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். இனி இங்கே இருக்கலாமோ, அல்லது திரும்பிப் போறதுதான் நல்லதோ என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். ஐப்பசி முதற் கிழமைக்குத் திரும்புகிற ரிக்கற்றும் கையோடு இருந்தது. அவர் இருக்க வேணும் என்றுதான் எனக்கு ஆசை. இதில் ஒளிக்க என்ன இருக்கு? ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், வயசுபோன காலத்திலாவது ஒரு வளவுக்குள் இருந்து சண்டை பிடிக்க வேண்டாமோ?

அண்ணை அங்கே என்ன வேலை செய்தவர் என்று ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பெரிய உத்தியோகம் என்று சிலர், ரெஸ்ரோரன்ற் முதலாளி என்று சிலர். உண்மையில் அவர் பாரிசுக்குப் பக்கத்தில், பழைய காலத்து ராசாக்களின் தோட்டம் ஒன்றில் இலை கூட்டினவர். கூட்டிக் கூட்டி, பிறகு செடி வெட்டுகிற ஆளாகி, கடைசியில் அந்தத் தோட்டத்தின் ஒரு மூலை முழுவதற்கும் பொறுப்பாய் இருந்தவர். அவருடைய மூலையில் ஒரு குளம், குளத்துக்கு நடுவே ஒரு திட்டி, திட்டியில் வெள்ளைக் கல்லால் ஒரு வட்ட மண்டபம். சுற்றிவரத் தூண்கள். சுவரே இல்லை. உள்ளே சாமியும் இல்லை. ராணி தேத்தண்ணி குடிக்கவும் காற்று வாங்கவும் கட்டினதாம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, மரங்களுக்குள், இன்னொரு மண்டபம். அது உடைந்தது. இரண்டு தூண் பாதியில் முறிந்து, ஒன்று துண்டுதுண்டாய்ப் புல்லுக்குள் கிடந்து, மேல் வளையத்தில் அரைவாசி இல்லாமல் நிற்குமாம்.

அண்ணை முதல் வருசம் அதைப் பார்த்துவிட்டு, சண்டையில் குண்டு விழுந்ததாக்கும் என்று பரிதாபப்பட்டாராம். மேற்பார்வையாளர் சிரித்தாராம். அது கட்டின நாளிலிருந்தே உடைந்ததுதானாம். அந்தக் காலத்து இளவரசர்மார் கிரேக்கம், உரோமாபுரி என்று ஊர் சுற்றப் போய், அங்கே ஆயிரம் ரெண்டாயிரம் வருசத்துப் பழைய கோயில்கள் இடிந்து கிடப்பதைக் கண்டு மயங்கி, திரும்பி வந்து தங்கட தோட்டத்தில் அதே மாதிரி இடிந்ததைப் புதிதாய்க் கட்டுவித்தார்களாம். எந்த இடத்தில் முறிய வேணும், எந்தக் கல் விழுந்து கிடக்க வேணும், எந்த வெடிப்பில் கொடி படர வேணும் என்று படம் கீறிக் கொடுத்து, கூலி கொடுத்துச் செய்வித்தார்களாம்.

இதை அவர் எனக்குச் சொன்னபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் தீவுப்பகுதியில் இடிந்ததற்கு என்ன பஞ்சம்? கூரையில்லாத வீட்டுக்குள் ஆலமரம் நிற்கிற ஒழுங்கை எத்தனை. நெடுந்தீவுக்குப் போனால் ஒல்லாந்தர் குதிரை கட்டின லாயம் என்று கடல் முருகைக்கல் தூண்கள் வரிசைக்கு நிற்கிறது, மேலே ஆகாசம்தான் கூரை. இதெல்லாம் காசு கொடுக்காமலே இடிந்தது. ராசாவுக்கு விசர் என்றேன். அண்ணை சிரிக்கவில்லை. அந்த மண்டபத்தடியில் இருந்துதான் தான் மத்தியானச் சாப்பாட்டை அவ்வளவு வருசமும் சாப்பிட்டதாகச் சொன்னார். முறிந்த தூணில் முதுகைச் சாய்த்தால் வெயில் காலில் மட்டும் படுமாம். இங்கேயும் அப்படி ஒன்று கட்டி, பின்னேரத்தில் அதற்குள் இருந்து நாலு பேரோடு முன்னூற்றிநாலு விளையாட வேணும் என்றார்.

முன்னூற்றிநாலு என்றால் எங்கள் பக்கத்துக் கடதாசி விளையாட்டு, சீட்டாட்டம். அண்ணை போகும்போது அதில் ஊருக்கே புலி. அங்கே போயும் விளையாட ஆள் தேடினவர், அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஆகவே இடிபாடு, அதற்குள் கடதாசி, இதுதான் அவருடைய திட்டம். எனக்குத் தூண் உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன. கட்டுகிற மனுசன் உடனே விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று ஒரு கணக்குப் போட்டு, கட்டுங்கோ அண்ணை, நல்லாக் கட்டுங்கோ என்றேன்.

மேசன் எங்கள் ஊர் ஆள்தான். கோயில் வேலை, தேவாலய வேலை, வெளிநாட்டுக்காரரின் மாடி வீட்டு வேலை எல்லாம் செய்து கைதேர்ந்தவர். தூண் என்றதும் அவருக்குச் சந்தோசம். தூண்கள் எழும்பின. சும்மா சொல்லக்கூடாது, வெள்ளைச் சீமெந்து பூசின பிறகு, தரவைக்குள் மாடு மேய்க்கிறவன் நின்று பார்க்கிற அளவுக்கு வடிவாய்த்தான் இருந்தது. முதல் சண்டை தூண்தலையில் வந்தது. கிரேக்கத் தூணின் தலையில் ஒரு முள்ளிலை செதுக்கியிருக்கும். அந்த இலை எங்கள் கழிக்கரையில் முளைக்கிற முள்ளிச் செடிக்குச் சொந்தம் என்று அண்ணை கண்டுபிடித்து, சேற்றுக்குள் இறங்கி, கையெல்லாம் கீறிக்கொண்டு ஒரு கொத்துப் பிடுங்கி வந்து மேசனுக்கு முன்னால் வைத்தார். மேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓம் என்றார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் இரண்டு தூணில் தாமரை பூத்து நிற்கிறது. தூண் என்றால் தாமரைதானே வைக்கிறது, முள்ளை ஆர் வைப்பான் என்று மேசனுக்கு ஞாயம். அண்ணை போட்ட சத்தத்தில் அடுத்த வளவு நாய் படலைக்கு வெளியே ஓடிவிட்டது. அண்ணைக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். கடைசியில் பூத்த தாமரை இரண்டும் நிற்க, மற்றதுக்கு முள்ளிலை என்று சமாதானம் ஆனது.

இரண்டாவது சண்டை உடைக்கிற இடத்தில். ஒரு தூணைப் பாதியில் நிறுத்து, மற்றதை வார்த்துத் துண்டாக்கிப் புல்லில் கிடத்து என்று அண்ணை சொன்னபோது, மேசன் முகம் கறுத்துப் போனார். வேலையை அரைகுறையாய் விட்டுப் போனால் அது கட்டினவனுக்கும் கூடாது, இருக்கிறவனுக்கும் கூடாது என்று முணுமுணுத்தார். எங்கள் பக்கத்தில் எந்த மேசனும் தூண் தலையில் கம்பியை வெட்டமாட்டான். கீழ்வீடு கட்டினாலும், நாளைக்குக் கையில் காசு வந்தால் மேலே ஒரு தட்டு எழும்பட்டும் என்று கம்பியை நீட்டி விட்டுத்தான் போவான். அண்ணை கம்பியை வெட்டச் சொன்னார். மேசன் ஓம் ஓம் என்றார். வெட்டவில்லை. அண்ணைக்கு ஒரு கண்ணில் வெண்புரை, மற்றக் கண்ணும் மங்கல், மேலே நடப்பது சரியாகத் தெரியாது. முறிந்த தூணின் உச்சியில் கம்பிகளை மடக்கி, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவிட்டு மேசன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொலித்தீன் காற்றுக்குச் சடசட என்று அடிக்கிறதை ஊர் முழுக்கக் கண்டது.

அண்ணை புதுக் கடதாசிக் கட்டு ஒன்றை வாங்கி, மண்டபத்துக்குள் கதிரை போட்டுக் காத்துக்கொண்டிருந்தார். சனம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் எல்லாரும் இரண்டு கேள்வியோடு வந்தார்கள். எப்ப வந்தனியள், எப்ப போறியள். அதற்குப் பிறகு தேத்தண்ணி. தேத்தண்ணிக்குப் பிறகு, கோயிலுக்குக் கோபுரம், தேவாலயத்துக்குத் திருநாள், விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து, ஒருத்தருக்கு வள்ளத்துக்கு எஞ்சின். அண்ணை கை நீட்டுகிற மனுசன், முகம் சுழிக்காமல் கொடுத்தார். வாங்கினவர்கள் நன்றி சொல்லி எழும்பிப் போனார்கள். வெளிநாட்டுக்காரரின் நேரத்தை மினக்கெடுத்தக் கூடாது என்று அவர்களுக்கு மரியாதை. கடதாசிக் கட்டு உறை கிழிக்காமல் மேசையில் கிடந்தது. ஒரு பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் தரவையைப் பார்த்தபடி சொன்னார்:

“தங்கச்சி, இங்கை எனக்குக் கேக்கிற ஆக்கள் இருக்கினம். இருந்து கதைக்க ஒருத்தரும் இல்லை.”

நான் இருக்கிறன்தானே என்றேன். நீ கதைக்க விடமாட்டாய் என்றார். அதுவும் உண்மைதான்.

இந்த நேரத்தில்தான் சங்கக்கடையில் அந்தக் கதை தொடங்கினது. முதலில் சம்மாட்டியின் மனுசி. சம்மாட்டி என்றால் கடற்கரையில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்கிறவர். அவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், எங்களோடு நல்ல வாரப்பாடு. அவ சீனி வாங்க வந்து, கடையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அண்ணைக்கு அங்கே ஏதும் கரைச்சலோ என்று கேட்டா. என்ன கரைச்சல் என்றேன். இல்லை, கட்டிடம் அரையிலே நிக்குது, கம்பிக்குப் பொலித்தீன் கட்டியிருக்கு என்று இழுத்தா. எனக்கு விளங்கிப் போச்சு. எங்கள் தீவில் வெளிநாட்டுக் காசில் தொடங்கி அரையில் நிற்கிற வீட்டைக் கண்டால் சனத்துக்கு ஒரேயொரு விளக்கம்தான். காசு நின்றுபோச்சு.

நான் சிரித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அண்ணை அதை அப்படித்தான் கட்டச் சொன்னவர், பிரான்சில் ராசாக்கள் உடைந்த மாதிரித்தான் கட்டினவை என்று விளக்கினேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பாவம், தமையன்ரை மானத்தைக் காப்பாத்த இவள் என்னவெல்லாம் சொல்ல வேண்டிக் கிடக்கு என்று முகத்தில் எழுதியிருந்தது. ஓம் அக்கா, ஓம் என்று என் கையைப் பிடித்து அமத்திவிட்டுப் போனா. அடுத்த நாள் வீட்டுக்கு மீன் வந்தது. விலை கேட்டால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனை பேருக்கு உரோமாபுரிக் கதை சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு நிச்சயமாகிக்கொண்டே போனது. இவ்வளவு பெரிய கதையை ஒருத்தி சும்மா கட்டுவாளோ, நிலைமை அவ்வளவு மோசமாக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கோபுரம் கேட்டவர்கள் கேட்பதை விட்டார்கள். எஞ்சின் கேட்டவர் ஒழுங்கையில் அண்ணையைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போனார். கையில் காசு இல்லாத மனுசனிடம் போய் நின்றால் அவருக்கு அந்தரமாய் இருக்கும் என்று எல்லாருக்கும் இரக்கம். அண்ணைக்கு இது ஒன்றும் தெரியாது. சொன்னால் ரோசத்தில் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிவிடுவார் என்று பயந்து நானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் படலை திறக்கிற சத்தம் நின்றுபோனது மட்டும்தான். கேக்கிற ஆக்களும் நிண்டிட்டினம் பாத்தியோ, இனி ஐப்பசியிலை போறதுதான் சரி என்றார். சொன்னவிதம் கோபமாயிருந்தால் நான் எதிர்த்துக் கதைத்திருப்பேன். அவர் ஆறுதலாய், இடியப்பத்தைப் பிய்த்தபடி சொன்னார்.

புரட்டாதியில் கண் ஒப்பிரேசனுக்குக் கொழும்புக்குப் போனோம். அண்ணைக்குத் துணையாய் நான் போனேன். மாட்டைப் பார்க்க என்ர மனுசன் வீட்டில் நின்றார். இவர் கதை குறைவான ஆள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கதைக்கிறது சரியாக ஒரு ஆளின் அளவுக்கு வரும். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்து, ஒரு கண்ணுக்குப் புரை வெட்டி, மருந்து விட்டு, திரும்பக் காட்டி என்று நாட்கள் போனது. பின்னேரங்களில் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பேன். எல்லாம் நல்லம் என்பார் இவர். பின்னால் தட்டுகிற சத்தம் கேட்கும். என்னப்பா சத்தம் என்றால், தேங்காய் பிடுங்கிறாங்கள் என்பார். இன்னொரு நாள் கேட்டால், வேலி அடைக்கிறாங்கள் என்பார். எந்த வேலி என்று கேட்க, மாடு கத்துது என்று வைத்துவிட்டார். இந்த மனுசன் பொய் சொல்லப் பழகாத ஆள் என்பதால் நானும் நம்பிவிட்டேன்.

காலமை பஸ்ஸில் வந்து இறங்கினோம். அண்ணைக்குக் கறுப்புக் கண்ணாடி. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, வெளிச்சம் பார்க்கக்கூடாது என்று டொக்டர் ஒரு பாட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே எங்கள் படலையடியில் சனம் நிற்பது தெரிந்தது. மேசன் நின்றார், சம்மாட்டி நின்றார், அவர் மனுசி நின்றா, கோபுரம் கேட்டவர், எஞ்சின் கேட்டவர் எல்லாரும் துவைத்த சேர்ட்டோடு நின்றார்கள். என்ர மனுசன் சனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றார். அவர்களுக்குப் பின்னால், வளவின் கோடியில், நீலமாய் ஒரு மண்டபம்.

முறிந்த தூண் முழுதாய் எழும்பி நின்றது. மடக்கிய கம்பியை நிமிர்த்தி, மேசன் கூலி வாங்காமல் வார்த்துக் கொடுத்திருக்கிறார். புல்லில் கிடந்த தூணின் இடத்தில் புதுத் தூண். கிடந்த துண்டுகளை உருட்டி நிமிர்த்தி இருக்கைகள் ஆக்கியிருந்தார்கள். அரைவாசியில் விட்ட மேல்வளையம் இப்போது சுற்றிவரப் பொருந்தியிருந்தது. மாரிமழை வரமுதல் முடிக்க வேணும் என்று தோட்டம் செய்கிறவர்கள் ஆளுக்கொரு பாரம் பனையோலை கொடுக்க, கடற்கரையார் வலைக்கயிற்றால் வரிந்து கட்டி, கோழிக்கூடு கவிழ்த்த மாதிரி ஒரு கூரை போட்டிருந்தார்கள். பெயின்றுக்குச் சம்மாட்டியின் வள்ளத்துக்கு வாங்கி மிஞ்சினது. நீலம் முடிந்த இடத்தில், வள்ளத்துக்கு வைக்கிற மாதிரியே, அடியில் ஒரு சிவப்புக் கரை. முள்ளிலைக்குப் பச்சை. தாமரைக்கு ரோஸ்.

ஐயோ என்ர நாகபூசணி அம்மாளே என்று நான் மனதுக்குள் நயினாதீவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். தாமரைக்கே அந்தச் சத்தம் போட்ட மனுசன், இதைக் கண்டால் என்ன செய்வார்? இத்தனை பேருக்கு முன்னால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டால் பிறகு இந்த ஊரில் எப்படி இருக்கிறது? அவரும் இருக்கமாட்டார், நானும் கடையில் இருக்கேலாது.

அண்ணை நேரே நடந்தார். ஒவ்வொரு தூணிலும் கையை வைத்து வைத்து மண்டபத்தைச் சுற்றினார். புதுத் தூண் மற்றதுகளைவிடக் கொஞ்சம் மொத்தம். அதில் கையை எடுக்காமல் நின்றார். மேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“அண்ணை, கையிலை இல்லாட்டி எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அரையிலை நிப்பாட்டச் சொன்னது ஏனெண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது, கேக்க வெக்கப்பட்டனியள் போலை. நாங்கள் இருக்கிறம்தானே.”

அண்ணை திரும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மேசனைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும், அவருக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. அந்தச் சத்தம் போடுகிற மனுசன், தூணைப் பிடித்தபடி அழத் தொடங்கினார். நான் பாய்ந்து போய், அண்ணை, கண்ணிலை தண்ணி படக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ என்று கத்தினேன். சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். சம்மாட்டியின் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்தா. எங்கள் குசினியில், எங்கள் கேத்திலில், எங்கள் சீனியில் போட்ட தேத்தண்ணி, அவ எங்களுக்குத் தந்தா.

பின்னேரம் சனம் போன பிறகு, நான் என்ர மனுசனைப் பிடித்து உலுப்பினேன். இத்தனை நாளும் பக்கத்தில் இருந்தும் உங்களுக்கு விசயம் தெரியாதோ, ஏன் மறிக்கவில்லை என்றேன். நீ சொன்ன ராசாக் கதையை நானும் நம்பேல்லை என்றார் இவர். கட்டின மனுசனுக்கே நான் நம்பத்தகாதவளாய்ப் போனேன்! அண்ணை கேட்டுக்கொண்டிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிய, கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

“அந்த ராசாக்களுக்கு உடைஞ்சதைக் கட்டிக் குடுக்க எத்தினையோ பேர் இருந்தவை. திருத்திக் குடுக்க ஒருத்தரும் வரேல்லை.”

அடுத்த நாள் அவர் மேசனைத் தேடிப்போய்க் கூலி கொடுக்கப் பார்த்தார். மேசன் வாங்கவில்லை. மாரிக்கு உங்களுக்குத் தேவைப்படும், வைச்சிருங்கோ என்றாராம். அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. தனக்குக் காசுக் கஷ்டம் ஒன்றும் இல்லை, அந்தத் தோட்டத்தில் ராசா கட்டினதும் அப்படித்தான் என்று முழுதாய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மேசன் கடைசிவரை கேட்டுவிட்டு, ஓம் அண்ணை, தங்கச்சியும் அப்பிடித்தான் சொன்னவ என்று அவர் தோளைத் தட்டிவிட்டாராம். அண்ணை வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது, இத்தனை நாளும் எனக்கு இருந்த எரிச்சல் அப்படியே இறங்கிவிட்டது. இப்பவாவது தெரிந்ததே என் பாடு!

அன்றிலிருந்து பின்னேரமானால் படலை திறக்கும். மேசன் வருவார், சம்மாட்டி வருவார், இவர் மாட்டைக் கட்டிவிட்டு வருவார். அண்ணையோடு நாலு பேர். இல்லாத மனுசனின் நேரத்தை மினக்கெடுத்தலாம்தானே, ஆகையால் பொழுதுபடும் வரைக்கும் இருந்தார்கள். கடதாசிக் கட்டின் மூலைகள் மடங்கிப் போகத் தொடங்கின. களவு விளையாடுறியள் என்று மேசன் அண்ணையைப் பேச, தாமரை வைச்ச உமக்கு இதைச் சொல்ல வாய் இருக்கோ என்று அண்ணை பேச, நான் கடையால் வரும்போதே ஒழுங்கைத் தலைப்பில் சத்தம் கேட்கும். ஆனாலும் அந்த ரிக்கற்றைப் பற்றி அண்ணை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் போறன் என்றுவிடுவாரோ என்று பயம். ஐப்பசி பிறந்தது. அவர் பெட்டியை அடுக்கினார். கொழும்புக்கு ஒரு வான் வண்டியும் சொல்லிவைத்தார். கொண்டுபோகப் பனங்கிழங்கு ஒடியல்மாவும் பனம்பழப் பனாட்டும் சுற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

போகிற அன்றைக்குப் பின்னேரமும் விளையாட்டு நடந்தது. வான் பொழுதுபட வரும் என்று எனக்கும் அண்ணைக்கும் இவருக்கும்தான் தெரியும். மற்ற இரண்டு பேருக்கும் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தாராக்கும். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு மண்டபத்துக்குள் வந்தபோது, மாடு பார்க்க இறுப்பிட்டியிலிருந்து வந்த ஒருத்தர் தூணில் சாய்ந்து நின்று விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் புது ஆள். அண்ணையின் சப்பாத்தைப் பார்த்ததும் வெளிநாடு என்று கண்டுபிடித்துவிட்டார். பிரான்சோ என்றார். ஓம் என்றார் அண்ணை. அப்ப எப்ப போறியள் என்று அந்த மனுசன் கேட்டார்.

நான் தட்டத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அண்ணை வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மேசன், கையில் இருந்த கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த ஆளுக்குச் சொன்னார்:

“அவர் எங்கை போறது? அவற்றை வீடு இதெல்லோ.”

சொல்லிவிட்டு, உங்கட கேள்வி அண்ணை என்று அண்ணையை அவசரப்படுத்தினார். விளையாட்டில் ஏலம் கேட்கிற முறை அண்ணையுடையது. அண்ணை கேட்கவில்லை. கையில் இருந்த கடதாசிகளை ஒன்றாய் அடுக்கினார், திரும்ப விரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“தங்கச்சி, அந்த வான்காரனுக்கு ஒருக்கா எடு. வரவேண்டாமெண்டு சொல்லு.”

என்ன வான் என்று மேசன் நிமிர்ந்தார். ஒண்டுமில்லை, நீர் விளையாட்டைப் பாரும் என்று சொல்லி, அண்ணை ஏலத்தைக் கேட்டு, தன் துரும்புக் கடதாசியைக் கவிழ்த்து வைத்தார்.